சீல் அப்புறம், முதலில் பெயர்

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை செய்கிறார். என்னையும் மூன்று வயது மகளையும் குடும்ப விசாவில் அழைக்கப் போகிறார். விவாகச் சான்றிதழுக்கும் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் வெளிநாட்டு அமைச்சின் சீல் வேண்டுமாம். பாஸ்போட்டில் நான் லெட்சுமி. மகளின் சான்றிதழில் தாயின் பெயர் ராஜலெட்சுமி. ஹற்றனில் ஒரு ஏஜண்ட், ஒரிஜினல்களைக் கொடுத்தால் எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. சீல் வாங்குவது பெரிய வித்தை இல்லை. உங்கள் சிக்கல் பெயரில் இருக்கிறது.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பார்ப்பது, சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவையா என்பதைத்தான். உள்ளே எழுதியிருப்பது சரி என்று அது சொல்வதில்லை. ஆகவே பிழையோடு கொண்டுபோனாலும் சீல் விழுந்துவிடலாம். துபாயில் விசாவுக்குக் கொடுக்கும்போது பாஸ்போட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மகளின் பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் தாயின் பெயரைத் திருத்த விண்ணப்பியுங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றிலும் லெட்சுமி என்றே இருந்தால் வேலை சுலபம். உங்கள் பிறப்புச் சான்றிதழிலேயே ராஜலெட்சுமி என்றிருந்தால் கதை வேறு. அப்போது திருத்த வேண்டியது பாஸ்போட்டை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை: வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் இன்னொன்று.

‘இருவரும் ஒருவரே’ என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்தால் போதாதா என்று கேட்பீர்கள். உள்ளூரில் பல இடங்களில் அது ஓடும். வெளிநாட்டு விசா அதிகாரி ஏற்பார் என்று நம்பிப் போக நான் சொல்ல மாட்டேன்.

திருத்தம் வந்ததும் புதுப் பிரதி எடுங்கள். லெமினேட் பண்ணிய பழையதை விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக்கில் முத்திரை குத்த முடியாது. சான்றிதழ்களை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பாஸ்போட் பிரதியையும் நீட்டி, பெயரை அதிலுள்ள அதே எழுத்துக்களில் எழுதச் சொல்லுங்கள். லெட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். அவர் தன் பாட்டுக்கு எழுதினால் பழைய தலைவலி திரும்ப வரும்.

சரி, இனி சீல். அதற்காகக் கொன்சியூலர் பிரிவு இருக்கும் பத்தரமுல்லை வரை போக வேண்டியதில்லை, கண்டியிலும் அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. மூலச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே கொண்டுபோங்கள். அடுத்தது கொழும்பிலுள்ள ஐக்கிய அரபு அமீரகத் தூதரகத்தின் அத்தாட்சி. கடைசியாக அமீரகத்தின் வெளியுறவு அமைச்சு. அதைக் கணவர் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஏஜண்ட் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் போலி முத்திரை குத்திய சான்றிதழ் பிடிபட்டால், அதை கவுண்டரில் நீட்டிய ஆளைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஏற்கனவே அவரிடம் எதையாவது கொடுத்திருந்தால் இந்த வாரமே திருப்பி வாங்குங்கள்.