எசேக்கியா பஸ்காவைத் தள்ளி வைத்தது சரியா?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வட இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாம் பண்டிகையின் மாதத்தை மாற்றினான், அது பாவம். யூதாவின் ராஜா எசேக்கியா பஸ்காவை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளினார், அது பக்தி. இது எப்படி என்று ஒரு மாணவன் கேட்கிறான். என்ன சொல்வது?"

நல்ல பையன். முதலில் தேதியைப் பாருங்கள். ராஜாவாயிருந்த ஆகாஸ் பூட்டிவைத்த எருசலேம் ஆலயத்தை அவர் மகன் எசேக்கியா திறந்தார். முதல் மாதம் 1ஆம் தேதி தொடங்கிய சுத்திகரிப்பு 16ஆம் தேதிதான் முடிந்தது. உள்ளே கிடந்த அசுத்தத்தையெல்லாம் ஆலயப் பணிவிடைக்காரரான லேவியர் கீதரோன் ஓடைக்குச் சுமந்தார்கள். எகிப்திலிருந்து மீட்கப்பட்டதை நினைவுகூரும் பஸ்காவோ அதே மாதம் 14ஆம் தேதி. இரண்டே நாளில் தவறிப்போனது.

இதற்கு வழி எண்ணாகமம் 9இல் இருக்கிறது. பிணத்தைத் தொட்டுத் தீட்டுப்பட்டவனும் தூரப் பிரயாணம் போனவனும் இரண்டாம் மாதம் 14ஆம் தேதி பஸ்காவை ஆசரிக்கலாம். இந்த இரண்டே காரணங்கள். சுத்தமாகவும் ஊரிலேயும் இருந்துகொண்டு ஆசரிக்காமல் விட்டவன் அறுப்புண்டு போவான் என்று 13ஆம் வசனம் கறாராகச் சொல்கிறது. இதை வகுப்பில் நிறுத்தி, இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். தனி ஆளுக்குக் கொடுத்த அந்தச் சலுகையைத்தான் எசேக்கியா ஒரு தேசத்துக்கே விரித்தார். பரிசுத்தம்பண்ணிக்கொண்ட ஆசாரியர் போதவில்லை, ஜனமும் எருசலேமில் கூடவில்லை என்பது 2 நாளாகமம் 30 தரும் காரணம். கொஞ்சம் இழுத்துப் பிடித்த நியாயம்தான். ஆனால் நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே நின்று இழுத்தது. யெரொபெயாமுக்கு அப்படி ஒரு வசனமும் இல்லை. எட்டாம் மாதத்தைத் தானாக முடிவுசெய்தான், ஜனங்கள் எருசலேமுக்குப் போகாதிருக்கப் பெத்தேலில் பலிபீடம் கட்டினான், லேவியரல்லாதவர்களை ஆசாரியராக்கினான். தேதி மாறியது அதில் ஒரு பகுதி மட்டும்.

இனி எச்சரிக்கை. "எசேக்கியா ஆசரித்த அதே பஸ்கா" என்று நான்கு கிண்ணம் திராட்சரசம், கேள்வி பதில் எல்லாம் போட்டுச் செய்முறை அட்டை விற்பவர்கள் உண்டு. வாங்காதீர்கள். அந்த ஒழுங்கு கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத ரபீக்களின் சட்டநூலான மிஷ்னாவில்தான் வருகிறது. இன்றைய காலண்டரில் அந்தப் பஸ்காவின் தேதியைக் கணித்துத் தருகிறோம் என்று கட்டண வகுப்பு நடத்துகிறவர்களையும் நம்பாதீர்கள். எசேக்கியா அரியணை ஏறியது கி.மு. 727ஆ, 715ஆ என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை.

நம் வேதபாடத் தேர்வுகளோ காளை எத்தனை, ஆடு எத்தனை என்று கேட்டு மதிப்பெண் போடுகின்றன. பரிசுத்தம்பண்ணிக்கொள்வதில் ஆசாரியரைவிட லேவியருக்கு மன உற்சாகம் அதிகம் என்று 2 நாளாகமம் 29:34 குத்துவதை யாரும் கேட்பதில்லை; கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு.

"தீட்டோடு சாப்பிட்டவர்கள்?" என்று அந்தப் பையன் அடுத்துக் கேட்பான். எப்பிராயீம், மனாசே, இசக்கார், செபுலோனிலிருந்து வந்த பலர் அப்படித்தான் சாப்பிட்டார்கள். ராஜா அவர்களுக்காக ஜெபித்தார், கர்த்தர் கேட்டார். 30:18 முதல் 20 வரை குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.