கோத்தகிரியில் கொதிக்கும் நீர் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். நீரின் கொதிநிலையைக் காணும் சோதனையில் எங்கள் வெப்பமானி 92-லேயே நின்றுவிடுகிறது. "டீச்சர், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு" என்கிறார்கள் பிள்ளைகள். புத்தகத்தில் 100 என்று இருப்பதால் ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் 100 என்றே எழுதிவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. உயரம்தான் காரணம் என்பது தெரியும். ஆனால் உயரத்தால் குறைவது எவ்வளவு, வெப்பமானியின் பிழை எவ்வளவு என்று பிரித்துக் காட்டத் தெரியவில்லை. பிப்ரவரி 28 அறிவியல் நாளுக்கு வழக்கமான எரிமலை மாதிரியும் வினாடி வினாவும் வைக்காமல் இதையே செய்யலாமா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

செய்யலாம். அதற்கு முன் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் 100-ஐ அடித்துவிட்டு, பிள்ளைகள் கண்ணால் பார்த்த 92-ஐ எழுதச் சொல்லுங்கள். பார்த்ததை எழுதாதே, படித்ததை எழுது என்று ஆய்வகத்திலேயே பழக்கிவிட்டால், பிறகு எத்தனை கண்காட்சி வைத்தாலும் பயனில்லை. 100-க்கும் 92-க்கும் இடையில் இருக்கிற 8 டிகிரியில்தான் உங்கள் பாடம் முழுவதும் இருக்கிறது.

அதில் 6 டிகிரி மலையின் கணக்கு. நீரின் ஆவியழுத்தம், அதாவது நீரிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம், வெளியே உள்ள காற்றழுத்தத்தை எட்டும்போது நீர் கொதிக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் அது 820-ஐ ஒட்டித்தான் இருக்கும். நம் மலைகளின் உயரத்துக்கு, 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும் என்று வைத்துக்கொண்டால் போதும். 1,800-ஐ 300-ஆல் வகுத்தால் 6. ஆக, உங்கள் ஊரில் நீர் 94-இல் கொதிப்பதுதான் சரி. 1742-இல் செல்சியஸ் தன் அளவுகோலை வெளியிட்டபோதே, கொதிநிலை காற்றழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்றும் எழுதியிருக்கிறார். நம் பாடத்தில் 100 மட்டும் நின்று, அந்த நிபந்தனை நழுவிவிடுகிறது. தேர்வில் கேட்டால் "1 வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸ்" என்று எழுதட்டும். அது முழு உண்மை.

மீதி 2 டிகிரி கருவியிலும் நாம் அளக்கிற முறையிலும் இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் நல்ல வேலை.

முதலில் வெப்பமானியைப் பனிக்கட்டியில் சோதியுங்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் செய்த பனிக்கட்டியைத் துணியில் சுற்றித் தட்டிப் பொடியாக்கி, ஒரு டம்ளர் நிறைய எடுத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் விடுங்கள். வெப்பமானியை அதில் ஆழமாக நிறுத்தி 5 நிமிடம் விட்டுப் படியுங்கள். பனிக்கட்டி மிதக்க, வெப்பமானியின் குமிழ் (பாதரசம் நிறைந்த அடிமுனை) கீழே வெறும் தண்ணீரில் இருந்தால் அளவு தப்பும். கொதிநிலையைப் போல உருகுநிலை உயரத்தால் மாறுவதில்லை. மாற்றம் நூறில் ஒரு டிகிரிகூட வராது. மேட்டுப்பாளையமானாலும் தொட்டபெட்டாவானாலும் 0 என்பது 0-தான். அங்கே உங்கள் வெப்பமானி −1 காட்டினால், எல்லா அளவோடும் 1 கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று, மலைப் பள்ளிகளில் கூடுதலாகவே தொல்லை தருவது. எதுவரை மூழ்க வேண்டும் என்று காட்டும் மூழ்குகோடு தண்டில் போடாத வெப்பமானி பெரும்பாலும் பாதரச இழை முழுவதும் சூட்டில் இருக்க வேண்டும் என்ற கணக்கில் அளவிடப்பட்டது. நாம் பீக்கரில் 10 டிகிரிக் கோடு வரை மூழ்கவிட்டு, மீதி 84 டிகிரி நீளத்தைக் குளிர்ந்த வகுப்பறைக் காற்றில் நிறுத்துகிறோம். வெளியே நிற்கும் பாதரசம் சுருங்கும், அளவு குறையும். திருத்தம் இது: 0.00016 × வெளியே நிற்கும் டிகிரிகள் × கொதிநீருக்கும் வெளியே நிற்கும் தண்டுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. தண்டின் சராசரி 28 என்று கொண்டால் 0.00016 × 84 × 66, கிட்டத்தட்ட 0.9 டிகிரி. சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானியில் இதே பிழை 5 டிகிரியைக்கூடத் தாண்டும். இந்தச் சோதனைக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

கூட்டிக் கழிப்பதைவிடப் பிழையே வராமல் அளப்பது நல்லது. பீக்கரை விட்டுவிட்டு நீண்ட கழுத்துள்ள குடுவை எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நீர், அதில் மெருகேற்றாத மண்சட்டியின் ஓட்டுச் சில்லு நாலைந்து. சில்லை அடுப்பேற்றும் முன்பே போட்டுவிட வேண்டும். சூடேறிய நீரில் போட்டால் குபீரென்று பொங்கி மேலே தெறிக்கும். இரண்டு துளையுள்ள ரப்பர் கார்க்கில் ஒன்றில் வெப்பமானி, மற்றொன்றில் ஆவி வெளியேற வளைந்த கண்ணாடிக் குழாய். குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஊதிப் பாருங்கள். அடைத்தால் குடுவை வெடிக்கும்.

வெப்பமானியின் குமிழ் நீரில் படக் கூடாது, நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே ஆவியில் நிற்க வேண்டும். சுத்தமான கண்ணாடியில் நீர் தன் கொதிநிலையைத் தாண்டி ஓரிரு டிகிரி சூடாகிவிடும். அதிலிருந்து எழுகிற ஆவியோ அந்த இடத்துக் காற்றழுத்தத்துக்கு உரிய வெப்பநிலைக்கு வந்துவிடும். தண்டை 90 கோடு கார்க்குக்குச் சற்று மேலே தெரியும்படி இறக்கினால் இழை முழுவதும் ஆவிக்குள் இருக்கும். பாதரசம் ஏறி நின்று, 3 நிமிடம் அசையாமல் இருந்த பிறகு, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பால் கூடுகிறதோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். லிட்டருக்கு 10 கிராம் சாப்பாட்டு உப்பு போட்டாலும் 0.2 டிகிரிகூடக் கூடாது.

காற்றழுத்தத்தையும் காட்ட நினைத்து, கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்துவிடாதீர்கள். அது கோத்தகிரிக்கும் 1012 என்றுதான் காட்டும். வெவ்வேறு ஊர்களை ஒப்பிடுவதற்காகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் எண் அது. அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சந்தேகம் திரும்ப வந்துவிடும். சில கைபேசிகளுக்குள்ளேயே அழுத்த உணரி இருக்கிறது. அதை நேரடியாகப் படிக்கும் ஃபைபாக்ஸ் போன்ற இலவசச் செயலியில் 820-ஐ ஒட்டிய உண்மையான எண் வரும்.

அறிவியல் நாளுக்கு, குன்னூர் மலைரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் பெயர்ப் பலகையிலேயே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,700, உதகை 2,200. மூன்று ஊர்ப் பள்ளிகளும் உங்கள் பள்ளியும் ஒரே வாரத்தில் இதே முறையில் அளந்தால் 99, 94.5, 93, உங்களுடையது 94 என்று வர வேண்டும். உயரத்தைக் கிடை அச்சிலும் கொதிநிலையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு கிடைக்கும். பிறகு உயரம் தெரியாத ஓர் எஸ்டேட்டில் நீரைக் கொதிக்க வைத்து, அந்தக் கோட்டிலிருந்து உயரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் நில அளவைக்காரர்கள் மலை உயரத்தை இப்படியும் அளந்தார்கள்.

நான்கு பள்ளிக்கும் ஒரே வெப்பமானி போவது நல்லது, இல்லாவிட்டால் கருவிகளின் வேறுபாடு மலையின் வேறுபாட்டை விழுங்கிவிடும். பஸ் குலுக்கலில் பாதரச இழை துண்டுபடும். துண்டுபட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். அப்போது குமிழை மட்டும் பனிக்கட்டி-உப்புக் கலவையில் வைத்தால் பாதரசம் முழுவதும் உள்ளே இறங்கி ஒன்று சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஊரிலும் முதல் வேலை பனிக்கட்டிச் சோதனைதான்.

பெற்றோர் வந்தால் குக்கரைப் பற்றிச் சொல்லுங்கள். விசில் எடை வெளிக்காற்றுக்கு மேல் சதுர செ.மீ.க்கு சுமார் 1 கிலோ அழுத்தம் கூட்டுகிறது. சமவெளியில் உள்ளே 120 டிகிரி என்றால் கோத்தகிரியில் 117. பருப்புக்குக் கூடுதல் விசில் கேட்பது அதனால்தான். குடிநீர் விஷயம் இதைவிட முக்கியம். தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம் போதும், ஆனால் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. உதகையும் கொடைக்கானலும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. கோத்தகிரி சற்றுக் கீழேதான், ஆனாலும் 3 நிமிடம் என்றே சொல்லிக்கொடுங்கள்.

வரைபடம் தயாரானதும் அனுப்புங்கள். ஏதாவது ஒரு புள்ளி கோட்டைவிட்டு விலகியிருந்தால் அதை அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள், அந்த ஊரின் பனிக்கட்டி அளவையும் சேர்த்து.