ஃபோனிக்ஸ் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: குறிஞ்சிப்பாடி பக்கம் ஓர் ஒன்றிய தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள். ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க நடுக்கமாக இருக்கிறது. கடலூரில் ஒரு சென்டரில் ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறை), ஸ்போக்கன் இங்கிலீஷ், சான்றிதழ் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். அந்தச் சான்றிதழால் சம்பளத்தில் பத்து ரூபாய்கூட ஏறாது. "இன்கிரிமென்ட் வரும்" என்று ஏஜென்ட் சொன்னால், அரசாணை எண் கேளுங்கள், போனை வைத்துவிடுவார். புதிதாக வேலைக்கு வந்தவர்களின் பட்டியல் இவர்கள் கைக்கு எப்படித்தான் போகிறதோ!

நடுக்கம் உங்கள் குற்றமல்ல. ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளில் 150-க்கு 30 மதிப்பெண் ஆங்கிலம். அதில் வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசச் சொல்வதே இல்லை. சரியான விடைக்குரிய வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வேலைக்கு வந்தபிறகு மட்டும் பேசு என்றால்?

ஒன்றாம் வகுப்புக்கு மேடை ஆங்கிலம் தேவையில்லை. 'ஓப்பன் யுவர் புக்', 'கம் ஹியர்' என்று தினமும் புழங்கும் முப்பது வாக்கியங்களைச் செய்கையோடு சொல்லுங்கள். பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள், நீங்களும்தான்.

பிறகு ஒலி. 'பி, ஏ, டி' என்று எழுத்தின் பெயரை எத்தனை முறை கத்தினாலும் 'பேட்' (bat) வராது. கடைசி ஒலியை 'ட்டு' என்று இழுக்காமல் வெட்டிச் சொல்லப் பழகுங்கள். ஏ, பி, சி வரிசையைப் பிடித்துத் தொங்காமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்கினால் 'சேட்' (sat), 'பின்' (pin), 'டேப்' (tap) என்று சீக்கிரமே வாசிக்க வைக்கலாம். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டக் கையேட்டைப் பதிவேடு நிரப்ப மட்டும் திறக்காதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பிபிடி (கணினித் திரைக்காட்சி) ஓடும்போது, "ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள் சார்" என்று பயிற்றுநரைக் கேளுங்கள்.

வெளிப்பயிற்சியில் ஒன்றே ஒன்றுக்கு விலக்கு: பெங்களூரில் 1963 முதல் இயங்கும் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் 30 நாள் பயிற்சி. அரசே அனுப்பும், நீங்களாகப் போய்ச் சேர முடியாது. "அங்கே சீட் வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால் அவன் புரோக்கர். பயிற்சிக்குப் போக விரும்புவோர் பட்டியல் கேட்டுச் சுற்றறிக்கை வரும்போது தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் விருப்பம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். ஈராசிரியர் பள்ளியென்றால், "யார் வகுப்பைப் பார்ப்பது?" என்று தடுப்பார்கள், மாற்று ஆசிரியர் வேண்டுமென்று அதே கடிதத்திலேயே கேட்டு, தேதி போட்ட நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.