கணையப் புற்றுநோய் இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய சிஏ 19-9ங்கிற பொருளோட அளவு நார்மல்னா நிம்மதியா இருக்கலாமான்னு கேட்டிருந்தீங்களே

ப்ரோ, அப்பா 57 வயசுல, அத்தையும் அதே கணையப் புற்றுநோயில போனாங்கன்னு படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. உங்க பயம் நியாயமானதுதான். ஆனா அந்த ஒரு ரத்த டெஸ்ட்டை நம்பி உட்கார்ந்துடாதீங்க. ஆரம்ப கட்டத்துல கட்டி இருந்தாலும் சிஏ 19-9 நார்மலா காட்டலாம், 100ல 5-10 பேருக்கு லூயிஸ் ஆன்டிஜென்னு ஒரு சர்க்கரை வகை மூலக்கூறு பிறவியிலேயே இல்லாததால சிஏ 19-9 உடம்புல உருவாகவே உருவாகாது, இன்னொரு பக்கம் பித்தநாளத்துல கல்லு அடைச்சாலே எகிறிடும், அதனால ஏறினாலும் அது கேன்சர்னு அர்த்தம் இல்ல.

உங்களுக்கு 48 ஆச்சுல்ல? ரத்த சொந்தத்துல இப்படி ரெண்டு பேருக்கு வந்திருந்தா 50 வயசுல, இல்ல குடும்பத்துல சின்ன வயசுல வந்தவங்களோட வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, எது முதல்ல வருதோ அப்போவே பரிசோதனை தொடங்கணும்னு சொல்றாங்க, அப்பாவோட 57ல 10 கழிச்சா 47, அப்படிப் பார்த்தா உங்களுக்கு இப்பவே நேரம் வந்தாச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை எம்ஆர்ஐ, இல்லாட்டி வாய் வழியா குழாய் விட்டு எடுக்குற எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட். இந்த ரெண்டாவது ஸ்கேன் இரைப்பைக்குள்ள இருந்தே கணையத்தை கிட்டத்துல பாக்குறதால ஒரு சென்டிமீட்டர் கட்டி கூட தெரிய வாய்ப்பிருக்கு, வயித்து மேல வெக்கிற சாதா ஸ்கேன்ல கணையம் கேஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கும்.

பரம்பரையா புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுற பிஆர்சிஏ2 மாதிரி மரபணு மாற்றம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டும் கண்டிப்பா கேளுங்க. ரத்தத்துல கட்டியோட டிஎன்ஏ துணுக்கு தேடுற புது டெஸ்ட்டெல்லாம் ஆரம்ப நிலையை இன்னும் நிறைய தவறவிடுது, ஸ்கேனுக்கு பதிலா அதை எடுக்காதீங்க. திடீர்னு சுகர் வந்தாலோ காரணமில்லாம எடை குறைஞ்சாலோ அடுத்த வருஷ ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டரைப் பாருங்க ப்ரோ.