சிறிய கைத்துப்பாக்கியே சிறந்ததா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள், வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. இரவுப் பணி முடிந்து தனியாகக் கார் நிறுத்துமிடம் வரை நடக்க வேண்டியிருப்பதால், ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய கைத்துப்பாக்கி ஒன்று வாங்க எண்ணுகிறேன். "உள்ளங்கையில் அடங்குகிற குட்டித் துப்பாக்கிதான் பெண்களுக்கு ஏற்றது" என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். விரல் மூட்டுகளில் எனக்கு இலேசான வலி உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: அந்த அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். மறைத்து வைக்க எளிதாக இருப்பது வேறு, குறி தவறாமல் சுட எளிதாக இருப்பது வேறு. ஒரே வகைத் தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் இலேசான துப்பாக்கியிலும் இட்டுச் சுட்டால் இலேசானதுதான் கையை அதிகமாக உதைக்கும். குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்துக்கு ஈடான உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைப்பதால், அதன் எடை குறையக் குறைய அது பின்வாங்கும் வேகம் கூடுகிறது. சிறிய துப்பாக்கியில், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் குறுகிவிடுவதால், கை இம்மியளவு அசைந்தாலும் இலக்கில் பிழை பெரிதாகத் தெரியும். பிடியும் குட்டையாக இருப்பதால் சுண்டு விரலுக்கு இடமில்லாமல் போகிறது. மிகச் சிறிய துப்பாக்கி நன்கு பழகியவரின் கருவி. புதிதாகத் தொடங்குபவருக்கு, அதிலும் மூட்டுவலி உள்ளவருக்கு, அதைக் கொடுப்பது அவரைப் பயிற்சியிலிருந்தே விரட்டிவிடும்.

உங்களிடம் அடிக்கடி பரிந்துரைக்கப்படப் போவது, சுழலும் உருளையில் ஐந்து தோட்டாக்களைக் கொள்ளும் ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1950-இல் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காக அறிமுகப்படுத்திய சிறிய ரிவால்வரின் வழித்தோன்றல்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. அவற்றில் 642 எனப்படும் மாதிரி அலுமினியக் கலவை உடலும், ஆடையில் சிக்காதபடி உள்ளே மறைந்த சுத்தியலும் (தோட்டாவை வெடிக்கச் செய்யத் தட்டும் பகுதி) கொண்டது. எடை ஏறத்தாழ 400 கிராம். தோட்டாவை ஏற்றப் பின்னோக்கி இழுக்க வேண்டிய மேல்பகுதியான ஸ்லைடு இல்லை என்பதால் மூட்டுவலிக்காரருக்கு இது ஏற்றது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் விசையை (டிரிக்கரை) நீளமாகவும் கடினமாகவும் இழுக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் அழுத்தம் 5 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு ஒப்பானது. துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை ஒற்றை விரலால் தரும்போது குழல் அசையாமல் இருப்பது நெடுநாள் பயிற்சியால்தான் கைகூடும். இலேசான உடல் தரும் உதைப்பும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

ஸ்லைடு இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் பிஸ்டல் வகையில் உங்களுக்குக் கூடுதலான வாய்ப்புகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். இங்கே தோட்டாவின் அளவை மட்டும் பார்க்காமல், துப்பாக்கி இயங்கும் முறையையும் பார்க்க வேண்டும். .380 ஏசிபி என்பது 1908-இல் வந்த, 9 மி.மீ. தோட்டாவைவிட வலுக் குறைந்த தோட்டா. அதனால் அதைச் சுடும் எல்லாத் துப்பாக்கிகளும் மென்மையானவை என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். வால்தர் பிபிகே போன்ற பழைய அமைப்புகளில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை; ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமும் மட்டுமே வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே சுருள்வில்லைக் கடினமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்லைடை இழுப்பதும் கடினமாகிறது, உதைப்பும் சுருக்கென்று கையில் இறங்குகிறது. 2014-இல் வந்த குளாக் 42 அதே .380 தோட்டாவைச் சுட்டாலும், வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சேர்ந்தே பின்வாங்கும் அமைப்புடையது. எனவே கைக்கு இதமாக இருக்கிறது. ஸ்லைடை இழுக்கச் சிரமப்படுபவர்களை மனத்தில் வைத்தே 2018-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇஸட் என்ற மாதிரி .380 தோட்டாவுக்காக வெளியிடப்பட்டது. அது சற்றுப் பெரியது, எடை அரைக் கிலோவுக்குச் சிறிது அதிகம். ஆனால் உங்கள் விரல்களைக் கருதும்போது நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்வது அதைத்தான். 9 மி.மீ. தோட்டாவின் உதைப்பைத் தாங்க முடியும் என்று தெரிந்தால், அதே 2018-இல் வந்த சிக் சாவர் பி365 பத்துத் தோட்டாக்களைச் சிறிய பிடிக்குள் அடக்கியிருக்கிறது. அதன் எடையும் அரைக் கிலோ அளவுதான். மாறாக, 300 கிராமுக்கும் குறைவான ரூகர் எல்சிபி சட்டைப் பைக்குள் மறைந்துவிடும் என்றாலும், அதைச் சுட்டுப் பழகுவது இன்பமான வேலையன்று.

மாதிரிகளின் பெயர்களைச் சொன்னேனே தவிர, இவற்றில் எதையும் சுட்டுப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். துப்பாக்கிகளை வாடகைக்குத் தந்து சுடவிடும் பயிற்சிக் களங்கள் பல இருக்கின்றன. ஒரு பயிற்சியாளரை உடன் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதிரிகளில் ஐம்பது தோட்டாக்களாவது சுட்டுப் பாருங்கள். ஸ்லைடைப் பத்தாவது முறை இழுக்கும்போது விரல் எப்படி இருக்கிறது, ஐம்பதாவது தோட்டாவுக்குப் பிறகும் இன்னும் சுடத் தோன்றுகிறதா என்பவற்றை உங்கள் கையே சொல்லிவிடும். தற்காப்புக்கென நீங்கள் இடப்போகும் துளைமுனைத் தோட்டாவையும் (முனையில் குழிவுள்ள குண்டு கொண்டது) அந்தத் துப்பாக்கி சிக்காமல் ஏற்றுக்கொள்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது கட்டாயம். பயிற்சித் தோட்டாவில் தடையின்றி இயங்கும் பிஸ்டல் துளைமுனைத் தோட்டாவில் அடைத்துக்கொள்வது உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதுமில்லாத ஒருவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். அதற்கான வகுப்பு உங்களுக்குச் சட்டத்தைக் கற்பிக்கும். டெக்சஸ் உரிமத்தை ஏற்கும் பிற மாநிலங்களிலும் அது பயன்படும். கலிபோர்னியா, நியூயார்க் போன்றவை பிற மாநில உரிமத்தை ஏற்பதில்லை என்பதைப் பயணத்துக்கு முன் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் பணியிடம் துப்பாக்கியை அனுமதிக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறியுங்கள். அப்படிக் கேட்கும்போதே, இரவில் கார் வரை காவலர் ஒருவர் உடன் வர ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துப் பழக உங்களுக்கு மாதங்கள் பிடிக்கும். அந்தக் காவலர் நாளை இரவே உடன் வரக்கூடும்.

கேள்வி: துப்பாக்கியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா? இடுப்பில் வைக்க என் உடைகள் ஒத்துவரவில்லை.

பதில்: கூடுமானவரை வேண்டாம். உடலோடு இருக்கும் துப்பாக்கி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கைப்பையோ நாற்காலியிலும் கடைத் தள்ளுவண்டியிலும் வைக்கப்படும், மறக்கப்படும், பறிக்கப்படும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையொன்றில் தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுக்க, அது வெடித்து அந்தத் தாய் இறந்தார். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பைதான் அது. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போதெல்லாம் அந்தத் தாயும் குழந்தையும் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுவதுமாக மூடும், அழுத்தினாலும் மடங்காத உறைதான் துப்பாக்கியைவிட முதலில் தேட வேண்டியது. துணியாலான தொளதொளத்த உறை மடங்கி விசையை இழுத்துவிடக்கூடும். இடுப்புக்கு ஒத்துவராத உடைகளுக்கு, ஆடையின்மேல் கட்டாமல் உள்ளே வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையில் கெட்டியான உறை பொருத்தியவை கிடைக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும். தலையணைக்கு அடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ அன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் எவரேனும் மனச்சோர்வில் இருந்தால் அந்தக் காலம் கடக்கும் வரை துப்பாக்கி வீட்டுக்குள் இருக்கவே வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற தொலைபேசி எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம்.

கேள்வி: நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பருடைய துப்பாக்கியைச் சில நாள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. எச்1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் அமெரிக்காவுக்கு வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருத்தல் போன்ற சில விலக்குகள் மட்டுமே உள்ளன. மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. உங்கள் விசா நிலையை அறிந்தே கொடுத்தால் உங்கள் நண்பரும் குற்றத்துக்கு ஆளாவார். நிரந்தரக் குடியிருப்பு அட்டை பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. நீங்கள் விலக்குக்குள் வருவதாக எண்ணினால், தோட்டா ஒன்றைக் கையில் வாங்குவதற்கு முன்பே குடியேற்றச் சட்டமும் ஆயுதச் சட்டமும் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்து வடிவில் கருத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.