கடல் பாதுகாப்பு வேலைக்கு மரைன் பயாலஜிதான் படிக்க வேண்டுமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் அறந்தாங்கி பக்கம். கடல் உயிர்களைக் காக்கும் வேலைக்குப் போக ஆசை. மரைன் பயாலஜிக்கு மாறினால்தான் முடியும் என்கிறார்கள். உண்மையா? பெண்களுக்கு இந்த வேலை சரிப்படுமா? அப்பா பேசாமல் பி.எட். முடி என்கிறார்.

மாற வேண்டியதில்லை. விலங்கியலை முடியுங்கள், முதுகலையில் கடல் பக்கம் திரும்பலாம். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், வேதியியல் என்று பாடங்களைப் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள். கடல் உயிரியல் என்று தனியாக அதில் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதைப் பார்த்துக்கொள்வது வனத்துறை. ராமநாதபுரத்தில் அந்தப் பூங்காவுக்குக் காப்பாளராக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தேர்வு எழுதி வந்தவர்கள்தான். பெயரில் கடல் இருக்கிறது என்று ஒரு பட்டத்தை எடுத்துவிட்டு, அப்புறம் அறிவிப்பைப் பார்த்து விழிக்கிறவர்கள் உண்டு. எந்தத் தேர்வாக இருந்தாலும் தகுதிப் பத்தியை இப்போதே ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையை முதலில் சொல்வேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், வெள்ளாற்று முகத்துவாரத்தின் கரையிலேயே இருக்கிறது. உங்களுக்கு இன்னும் பக்கம் என்றால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம். வெளியே போகத் தயார் என்றால் கொச்சி, கோவா, போர்ட் பிளேர். டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்னும் தேசிய உயிரியல் அறிவியல் மையம், இரண்டிலும் வன உயிரின முதுகலை இருக்கிறது. இடம் மிகக் குறைவு, ஆனால் அங்கே படித்தவர்களைத் துறை முழுக்கப் பார்க்கலாம். மீன்வளத்துறைப் பதவிகள்தான் குறி என்றால் அது வேறு பாதை. தூத்துக்குடி மாதிரிக் கல்லூரிகளில் நான்கு ஆண்டு மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.; நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள், விடுங்கள்.

சரி, வேலை. இந்தத் துறையில் நுழைகிறவர்கள் கேட்க மறப்பது, சம்பளம் யார் தருகிறார்கள் என்பதை. வனத்துறையும் மீன்வளத்துறையும் அரசு. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பல ஆண்டுகள் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மையம் இருக்கிறது. பவளப்பாறை என்றால் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். அலையாத்திக் காடு என்றால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் பக்கத்துக் கடலிலேயே கடற்புல் வேலை செய்கிற ஓம்கார், பெங்களூரிலிருந்து இயங்கும் தக்ஷின் போன்ற அமைப்புகளும் உண்டு.

இவற்றில் நிரந்தரப் பணியிடம் என்பது கைவிட்டு எண்ணும் அளவுதான். மற்றதெல்லாம் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்ததற்கு அனுமதி வரும்வரை சில மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், மேலே வீட்டு வாடகைப் படி. அது இல்லாமல் களப்பணியாளராகச் சேர்ந்தால் இதைவிட நன்றாகவே குறையும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "கடல்ல டால்பின் கூட நீந்துவேன்" என்று மட்டும் சொல்லி வைத்தால் முதல் இடைவெளியிலேயே ஜாதகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள்.

நான் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா இரண்டு பக்கமும் ப்ராஜெக்ட்களில் இருந்திருக்கிறேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கூட வருவது சான்றிதழ் இல்லை, நம்மை அறிந்த ஒரு கரைதான். உங்களுக்கு அது கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கட்டுமாவடி. அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்றால், இந்த வேலையில் பாதி, படகுகள் மீனை இறக்கும் இறங்குதளத்தில்தான் நடக்கிறது. உங்கள் பக்கத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. படகு திரும்பும் விடியற்காலையில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கூடையைக் கொட்டியதும் ஏலம் ஆரம்பித்துவிடும். அப்போது யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. ஏலம் முடிந்து ஐஸ் போட்டு வண்டியில் ஏற்றும்வரை கிடைக்கும் சின்ன இடைவெளிதான் நமக்கு. அதற்குள் திருக்கையின் இறக்கை முனையிலிருந்து முனைவரை டேப் பிடிக்க வேண்டும், சுறா என்றால் மூக்கிலிருந்து வால் நுனிவரை. ஆணா பெண்ணா என்பதற்கு வயிற்றுப் பக்கத் துடுப்பை ஒட்டி இரண்டு விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும், இருந்தால் ஆண். மீனைத் தரையில் இழுக்காமல், வாங்கியவர் முகம் சுளிக்காமல் இதைச் செய்யப் பழக வேண்டும்.

எங்கே பட்டது, எந்த வலை என்பதெல்லாம் மத்தியானம் வலை தைக்கும் இடத்தில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்கிற கேள்வி. அவர்கள் ஆழத்தை மீட்டரில் சொல்ல மாட்டார்கள், இத்தனை பாகம் என்பார்கள். காற்றைச் சோழகம், கொண்டல், வாடை என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மாற்றுவதெல்லாம் வீட்டுக்கு வந்து. இன்னொன்று: வலையில் ஆமையோ வேறு தடை செய்யப்பட்ட உயிரோ செத்து வந்திருந்தால் உடனே படம் எடுக்கப் போனைத் தூக்காதீர்கள். வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. நீங்கள் எடுத்த ஒரு படம் போதும், அந்த ஊரில் அப்புறம் யாரும் எதையும் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். காட்டாவிட்டால் சாவது நிற்கப் போவதில்லை, நம் கணக்கில் வராமல் போகும், அவ்வளவுதான்.

ஆவுளியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் கடல் பசு. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையான கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் அதற்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதல். ஆவுளியா கடற்புல் மேய்வது, பாலூட்டி, சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அந்த நேரத்தில் அங்கே வனத்துறையும் இருக்காது, விஞ்ஞானியும் இருக்க மாட்டார். வலையின் சொந்தக்காரர் கத்தியை எடுத்துத் தன் வலையைத் தானே அறுத்தால்தான் அது பிழைக்கும். அந்த வலை அவருடைய கடன். அறுத்துவிட்ட மீனவர்கள் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் இருக்கிறார்கள். வலைக்கு ஈடு வந்து சேர்ந்ததா, எவ்வளவு நாளில் வந்தது என்று அலுவலகத்துக்கும் ஊருக்கும் நடுவில் அலைகிறவர் ஒருவர் வேண்டும். பாதுகாப்பு வேலை என்றால் பெரும்பாலும் இந்த அலைச்சல்தான். எனக்கு இதில் சலிப்பு வந்ததில்லை. சிலருக்கு ஒரே மாதத்தில் வந்துவிடும்.

எல்லா இடத்திலும் யார் பக்கம் நியாயம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரியாது. பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் பல தலைமுறையாகப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். தீவுகளைச் சுற்றிப் போகக் கூடாது என்று கெடுபிடி வந்தபோது, மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம் என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேச விருது அது. கடலைக் கெடுப்பவர்கள் என்று சொல்லப்பட்டவர்களில் ஒருவருக்குத்தான் அந்த விருது.

இன்னொரு பாசி இருக்கிறது, கப்பாஃபைகஸ். நம் கடலுடையது இல்லை. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்க 2000ஐ ஒட்டிப் பாக் விரிகுடாவுக்குக் கொண்டுவந்தார்கள், பெப்சி நிறுவனத்தின் முயற்சி அது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு நல்ல வருமானம் வந்தது. சில ஆண்டுகளில் அது மிதவையை விட்டுப் போய்க் குருசடைத் தீவின் பவளப்பாறைகளைப் போர்த்திக்கொண்டு வளர்கிறது என்று 2008இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. பவளத்தின் மேல் வெளிச்சம் விழாவிட்டால் அது செத்துப்போகும். இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். பாசி வளர்ப்பை விரிவாக்கும் திட்டத்திலும் உங்களுக்கு வேலை கிடைக்கலாம், பாறையில் படர்ந்த பாசியைப் பிய்த்து எடுக்கும் திட்டத்திலும் கிடைக்கலாம். எதில் சேருவது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவதில் சேர்ந்தால், மிதவையிலிருந்து அறுந்து போவது எங்கே போகிறது என்று பார்க்கிற ஆள் நீங்களாக இருங்கள்.

கைத்தொழில் என்று ஒன்றாவது வேண்டும். நீங்கள் அலட்சியப்படுத்தக் கூடாதது வரைபடம். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், கல்லூரி லேப்டாப்பிலேயே ஓடும். எண்ணூர்க் கழிமுகத்தில் வருடக் கணக்கில் நடக்கிற சண்டையில் பெரும்பகுதி, எது நீர்ப்பரப்பு, எங்கே கட்டலாம் என்ற வரைபடத்தின் மேல்தான். அடுத்தது ஆர் என்ற கணினி மொழியில் புள்ளியியல். மூன்றாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுத ஆள் நிறைய. ஊர்க் கூட்டத்தில் தலைவர் இரண்டு மணி நேரம் பேசியதைச் சேதமில்லாமல் அந்த அறிக்கைக்குள் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் குறைவு.

ஸ்கூபா? இப்போது வேண்டாம். அடிப்படைச் சான்றிதழுக்கே பல ஆயிரம் ஆகும். மன்னார் வளைகுடாப் பாறைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்தில்தான் இருக்கின்றன, முகக் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வைத்தே நிறைய வேலை நடக்கும். கடற்புல் கணக்கு அதைவிட எளிது. அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே எத்தனை சதவீதம் புல் மூடியிருக்கிறது என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவீர்கள். பேனா தண்ணீருக்குள் எழுதாது. நீச்சல் மட்டும் கட்டாயம். தெரியாவிட்டால் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குச் சரிப்படுமா என்றால், துறையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். சில ஊர்களில் பெண்ணைத் தொழில் படகில் ஏற்ற மாட்டார்கள்; ஆய்வுக்கென்று வாடகைக்கு எடுக்கும் படகில் அந்தப் பேச்சு வராது. உண்மையான தொல்லை, நாள் முழுக்கப் படகில் கழிப்பறை இல்லாதது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களைத் தெரியும். இடையில் கரைக்கு வருவது மாதிரித் திட்டம் போடச் சொல்லி முதல் நாளே கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். மீன் விற்கும் இடத்தில் ஆண் ஆய்வாளர்களைவிட உங்களுக்குத்தான் சீக்கிரம் பதில் கிடைக்கும், அங்கே பேரம் பேசுவது முழுக்கப் பெண்கள்.

அப்பாவுடன் சண்டை போட வேண்டாம். பட்டம் முடித்ததும் முதுகலையில் இடம் கிடைக்காவிட்டால் பி.எட். சேருங்கள், வீணாகாது. கடலோரப் பள்ளிகளில் வகுப்பெடுக்கும் திட்டங்கள் பல அமைப்புகளிடம் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன் ஒரு ஆமை சீசனைப் பார்த்துவிடுங்கள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது இவைதான். சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, வார இறுதிகளில் வெளியாட்களையும் கூட்டிப்போவார்கள். உங்களுக்கு நாகப்பட்டினம்தான் கிட்டே. அங்கே வனத்துறைப் பொரிப்பகம் இருக்கிறது, ரேஞ்சர் அலுவலகத்தில் கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். வெள்ளை டார்ச் கொண்டுபோகாதீர்கள், ஆமை திரும்பிவிடும். சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொண்டால் போதும்.