மாத்திரை போட்டு நேர்காணலுக்கு அனுப்பலாமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மகனுக்கு நாளைக் காலை ஒன்பதரைக்குச் சேதராப்பட்டில் நேர்காணல். நேற்றிலிருந்து 102 டிகிரி காய்ச்சல். "எட்டு மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. ஒரு மாத்திரையைப் போட்டு அனுப்பிவிடட்டுமா?"

வேண்டாம் அம்மா. வெறும் சளி, தொண்டைக் கரகரப்பு என்றால் போகச் சொல்லியிருப்பேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை குலுக்காமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். காய்ச்சல் அப்படியல்ல.

பாராசிட்டமால் நோயைத் தீர்ப்பதில்லை. நான்கு முதல் ஆறு மணி நேரம் சூட்டை அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறரைக்கு மாத்திரை. புதுச்சேரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேதராப்பட்டுக்கு இன்னொன்று. ஒன்பதரைக்கு வரச் சொன்னவர்கள் ஒன்பதரைக்கே உள்ளே கூப்பிட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டில் பெயர் எழுதி, எழுத்துத் தேர்வு முடிந்து, தம்பியின் முறை வரும்போது பன்னிரண்டரை ஆகிவிடும். மாத்திரையின் தெம்பும் அப்போதுதான் இறங்கும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர் இப்படித்தான் போனார். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து ஓர் இரும்புத் துண்டை அளக்கச் சொன்னார்கள். மூன்று வருடம் பட்டறையில் செய்து பழகிய வேலை. கை நடுங்கி, இரண்டு முறை அளந்ததில் இரண்டு அளவு வந்தது. பிறகு காய்ச்சல் என்று சொன்னார். சாக்கு என்று நினைத்திருப்பார்கள். தேதி மாற்றிக் கேட்டவரை அழைக்க வாய்ப்பு உண்டு. வேலை தெரியாதவர் என்று குறிக்கப்பட்டவரை அதே நிறுவனம் சீக்கிரம் அழைக்காது.

இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். நீங்கள் அல்ல, தம்பி சொல்லட்டும். பாசத்தால் பெற்றோர் பேசிவிடுகிறார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கோ, வேலைக்கு எடுத்த பிறகும் விடுப்புக் கேட்க அம்மாதான் பேசுவாரோ என்று தோன்றிவிடும். "வணக்கம் சார், நாளை நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கடும் காய்ச்சலாக இருப்பதால் வர இயலவில்லை. அடுத்த வாரம் ஒரு நாள் கொடுத்தால் கட்டாயம் வருகிறேன்." இதற்கு மேல் வாந்தி, மயக்கம் என்று விவரிக்க வேண்டாம். பேசி முடித்ததும் இதையே மின்னஞ்சலிலும் அனுப்பட்டும்.

அடுத்த வாரம் என்று நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. இது மழைக்காலம், டெங்கு பரவும் பருவம். டெங்குவில் சூடு இறங்கியதும் குணமாகிவிட்டது என்று எழுந்து உட்காருவார்கள். ஆனால் காய்ச்சல் விட்ட அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது. "நாளை மறுநாள் வந்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் இன்றே காட்டி, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அது தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவுக்கு வழி செய்துவிடும். மருத்துவர் எழுதிய சீட்டை மட்டும் படம் எடுத்து வையுங்கள், நிறுவனம் கேட்டால் அனுப்பலாம். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ் வேண்டாம். உண்மையான காய்ச்சலுக்குப் பொய்ச் சான்று எதற்கு?

அம்மை என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வீடுதான்.

கல்லூரி வளாக நேர்காணல் ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் வேலைவாய்ப்பு அலுவலரிடம் முந்தைய நாளே சொல்ல வேண்டும். அரசுப் பணி என்றால் அழைப்புக் கடிதத்தின் நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். அங்கே தேதி மாறுவது அரிது.

நிறுவனம் மறுத்தால், காணொலியில் பேச முடியுமா என்று ஒரு முறை கேட்கலாம். அதுவும் முடியாது என்றால் நன்றி சொல்லி வைத்துவிடட்டும். தம்பி இப்போது தூங்குகிறார் என்றால் எழுப்ப வேண்டாம். மனிதவள அலுவலர் வீட்டுக்குக் கிளம்ப ஐந்து மணி ஆகும், நாலு மணிக்குப் பேசினால் போதும்.